ஸ்கேன் நார்மல் என்றால் காதும் நார்மலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர், "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, இவன் தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று நிம்மதியடைந்துவிடுவதை, காது கேளாதோர் பள்ளியில் பணியாற்றிய காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அந்த நிம்மதி குழந்தைக்குப் பெருங்கேடு.

பிறவியிலேயே கேட்கும் திறனற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே உட்செவியின் எலும்பு அமைப்பில் குறை காணப்படும். இத்தாலியின் போலோன்யா நகரில் மருத்துவர் கார்லோ மொண்டினி 1791-இல் விவரித்த சிறுவனின் காது அவ்வகையைச் சேர்ந்தது. உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் கேட்கும் உறுப்பான காக்ளியாவில், இரண்டரைச் சுற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைச் சுற்றே இருந்தது. இதை சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு பழுதின்றி இருக்க, அதனுள்ளே சவ்வும் செல்களும் கெட்டிருக்கும். 1892-இல் ஷைபே என்ற மருத்துவர் விவரித்த குறைபாட்டில், ஒலியதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றும் கார்ட்டி உறுப்பு சரிந்தும், உட்செவித் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் இரத்தநாளப் பட்டை சிதைந்தும் இருக்கும்; ஆனால் உடல் சமநிலைக்கு உதவும் அரைவட்டக் குழல்கள் நன்றாக இருப்பதால் குழந்தை தள்ளாடாமல் நடக்கும், ஓடும், வீட்டாருக்கும் சந்தேகம் எழாது. கர்ப்பகால ரூபெல்லா தொற்று விளைவிக்கும் சேதமும் பெரும்பாலும் இத்தகையதே. இத்திசுக்களை உயிரோடிருப்பவரின் காதிலிருந்து எடுத்துப் பார்க்க வழியில்லை. இறந்தோரின், உட்செவியைத் தாங்கும் பொட்டெலும்பை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தே இவ்வளவும் தெரியவந்தது.

ஆகவே, குழந்தைக்குக் கேட்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியது, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்துலங்கலை அளக்கும் 'பெரா' பரிசோதனை. பிறந்தவுடன் செய்யும், உட்செவி எழுப்பும் மெல்லொலியை மட்டும் அளக்கும் ஓ.ஏ.இ. சோதனையில் தேறிய குழந்தைக்கும் செவி நரம்பில் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், ஐயம் இருப்பின் அதோடு நிறுத்தலாகாது. ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கச் செய்யும் காக்ளியர் கருவியைப் பொருத்துமுன் செவி நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தே ஆக வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு வயது வரம்பு உண்டு என்பதோடு, மூளை மொழியை எளிதில் பற்றிக்கொள்வதும் முதல் சில ஆண்டுகளில்தான். எனவே, பேச்சு வராத குழந்தைக்குப் பெரா முடிவு கைக்கு வராமல், ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து 'நார்மல்' என்று சொல்லி அனுப்பக் கூடாதென, அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர்,
தஞ்சாவூர்.