முயலுக்கும் சோழனுக்கும் நடுவில்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் அவள் விழுந்து விழுந்து படிப்பதெல்லாம் ஒரே வகைதான்: பகலில் வீட்டுப்பாடம், ராத்திரியில் பேய் வேட்டை என்று திரியும் பதின்வயதுப் பிள்ளைகளின் கதை. பயமும் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பும் இருக்கும். "தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்க மாமா" என்றாள். சரி, இத்தனை கடை இருக்கிறதே என்று நானும் கிளம்பினேன்.

மூன்று மணி நேரம் நடந்தோம். ஒரு கடையில் முயலும் ஆமையும் வரும் படப் புத்தகத்தை நீட்டினார்கள். அடுத்த கடையில் ஐந்து பாகச் சோழர் கதையைக் காட்டினார்கள். முயலுக்கும் சோழனுக்கும் நடுவில் நிற்கும் பதின்மூன்று வயதுக்கு அன்று கிடைத்தது டெல்லி அப்பளம்தான்.

"பேய்க் கதையெல்லாம் பெத்தவங்க வாங்க மாட்டாங்க சார்" என்றார் ஒரு கடைக்காரர். இருக்கலாம். ஆனால் பேயை வைத்துச் சிரிப்பது நமக்கு என்ன புதிதா? முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணி பாடினார். சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தில் பெற்ற வெற்றியைப் பாட வந்த நூல்தான். ஆனால் படிக்கிறவர் மனத்தில் நிற்பது பேய்கள். பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து திரும்பிய கிழட்டுப் பேய் இந்திரசாலம் காட்ட, மாயப் பிணங்களை நிஜம் என்று நம்பி விழுந்தடித்து ஓடி ஏமாறுகின்றன. கடைசியில் போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி. பந்தி முடிந்தால் வெற்றிலை பாக்கு வேண்டாமா? குதிரையின் காதுதான் வெற்றிலைச் சுருள், சுண்ணாம்பு கலிங்க வீரனின் கண்ணிலிருந்து! இந்த இடத்தை வீட்டில் சொல்லிக் காட்டியபோது அக்கா முகத்தைச் சுளித்தாள். மகள் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். உங்கள் வாசகர் யார் என்று இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

பேயை எதிர்க்கும் பிள்ளைகளைத் தேடியும் நாம் தமிழுக்கு வெளியே போக வேண்டாம். புறநானூற்றின் 281ஆம் பாட்டைப் பாருங்கள். புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் அண்டாமல் காக்க வேண்டும். வீட்டில் இரவம் என்ற மரத்தின் தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், புகை போடுகிறார்கள். ஆயுதப் பட்டியல் தயார். அதைவிட முக்கியம், "காக்கம் வம்மோ காதலந் தோழீ" என்று ஒருத்தி தன் தோழியைக் கூப்பிடுவது. வா, நாம் காப்போம் என்கிறாள். மணிமேகலையில் வரும் சார்ங்கலன் புகாரின் சுடுகாட்டுப் பக்கம் தனியாகப் போய், பேயின் கூத்தைக் கண்ட பயத்திலேயே உயிரை விட்டான், பாவம். கூட ஒரு கூட்டாளி இருந்திருந்தால் அவன் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். இந்த வகை நாவலின் உயிரே அந்தக் கூட்டாளியில்தான் இருக்கிறது. கையில் இருப்பது மந்திரமோ வேப்பிலையோ, கூட நிற்க நாலு பேர், அதில் ஒருவன் தொடைநடுங்கி, அவ்வளவு போதும்.

எழுத ஆள் கிடைத்தால் சில விண்ணப்பங்கள். கடைசி அத்தியாயத்தில் "பேயே இல்லை, எல்லாம் கடத்தல்காரர்கள் வேலை" என்று முடிக்காதீர்கள். இருநூறு பக்கம் பயந்தவளை அப்படி ஏமாற்றுவது பாவம். வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம் என்று பெண்ணையே பேயாக்கியது போதும். முனி, இசக்கி என்று கை வைக்கும்போது கொஞ்சம் பார்த்து: யாரோ ஒருவர் ஊரில் அவர்கள் பொங்கல் வாங்கும் சாமிகள். வில்லன் ஆக்கினால் அந்த ஊர்ப் பிள்ளைக்கு வலிக்கும். அப்புறம், பேயோட்டுகிறேன் என்று நிஜத்தில் வேப்பங்குழையால் அடி வாங்குவது பெரும்பாலும் மனம் நொந்த பெண்கள்தான். கதையில் அடி பேய்க்கு விழட்டும், பெண்ணுக்கு வேண்டாம். பிள்ளைகள் பேசும்போது பேச்சுத் தமிழே பேசட்டும். துரத்தும் பிசாசைப் பார்த்து "ஐயகோ" என்று எந்தப் பையனும் கத்த மாட்டான்.

நீங்கள் யோசிப்பதற்குள் என் அக்கா மகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். அதில் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் பல்வலி. நெருப்புக் கக்கும் வாய்க்குள் எந்தப் பல் டாக்டர் கை விடுவார் என்று தெரியாமல் இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் யாராவது முந்திக்கொண்டால் அவளுக்கு வருத்தம் இல்லையாம்.

வரும் ஜனவரியில் மறுபடி வருவோம். புத்தகத்துக்கு ஐந்நூறு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறாள். அப்பளம் என் கணக்கு.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்