டிம் செய்தால் கூடுதல் விளக்கும் அணைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்லும் ரப்பர்த் தோட்டச் சாலைகளில் இரவில் வாகனத்தின் முன்புறம் பொருத்தும் கூடுதல் விளக்கு உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தனிச் சுவிட்சில் மட்டும் இணைத்துக்கொண்டு, தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலும் அணைக்காமல் வருகிறவர்களால், எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவருக்குச் சில நொடிகள் சாலையே தெரிவதில்லை. சென்ற வாரம் அப்படித்தான் நான் சாலையோர ஓடையில் இறங்கினேன். கையில் சிராய்ப்போடு தப்பியது பெரும் பேறு.

ஹைபீம் (தொலைவுக்குப் பாயும் முகப்பு விளக்கொளி) கம்பியிலிருந்து ரிலேயை, அதாவது சிறிய மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை, இயக்குவதற்கு மட்டும் மின்சாரம் எடுத்து, விளக்குக்கான மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால், ஓட்டுநர் ஹைபீமை நிறுத்தி டிம் செய்யும் நொடியிலேயே கூடுதல் விளக்குகளும் அணைந்துவிடும். ரிலே இல்லாமல் ஹைபீம் கம்பியிலேயே ஒட்டுப்போடுவது வேறொரு ஆபத்து: 55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அந்தச் சுமைக்கென அமைக்கப்படாத கம்பியும் சுவிட்சும் சூடேறி உருகக்கூடும்.

விளக்கு பொருத்தும் எலக்ட்ரீஷியன்கள் வாடிக்கையாளர் கேட்டாலும் தனி இணைப்புக் கொடுக்க மறுக்க வேண்டும். இரவு வாகனச் சோதனையில் காவலர்கள் ஒருமுறை டிம் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை