ஓவியர் பெயர் போட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காமிக்ஸ் வீராங்கனைகள் கட்டுரையில் இப்படி ஒரு வரி: "1930-களிலேயே ராபர்ட் இ. ஹோவர்ட், கோனனுக்குத் துணையாக இரும்பு பிகினி அணிந்த ரெட் சோன்யாவைப் படைத்தார்." ஒரே வரியில் இத்தனை பிழைகளை அடுக்கவும் திறமை வேண்டும்தான்.

1934-இல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்டின் கதையில் வரும் சோன்யா, 1529-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் நின்று சண்டை போடுகிறவள். இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருப்பாள். அந்தக் கதையில் மந்திர தந்திரமும் கிடையாது, ஹோவர்டின் காட்டுமிராண்டி வீரன் கோனனும் கிடையாது. ஹோவர்ட் 1936-இல் காலமானார். அந்தப் பெயரையும் செம்பட்டை முடியையும் மார்வெல் காமிக்ஸின் எழுத்தாளர் ராய் தாமஸ் எடுத்துக்கொண்டு, கோனன் உலவும் கற்பனையான ஹைபோரிய யுகத்துக்கு அவளைக் கொண்டுபோனது 1973-இல், 'கோனன் த பார்பேரியன்' 23-ஆம் இதழில். ஓவியர் பாரி வின்ட்சர் ஸ்மித் அதில் அவளுக்கு முழுக்கைச் சங்கிலிச் சட்டைதான் போட்டிருக்கிறார். பிகினி, ஸ்பானிய ஓவியர் எஸ்தெபான் மரோட்டோவின் கைவண்ணம். மார்வெல் கதையில் அது இடம்பெற்றது 1974-இல், பெரிய அளவில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில். அத்தகைய பத்திரிகைகளுக்கு, அன்றைய அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் 'காமிக்ஸ் கோடு' தணிக்கை முத்திரை தேவைப்படவில்லை என்பது தங்களுக்குத் தெரியாததா?

உங்கள் கட்டுரைப்படி அந்தப் பிகினி 'உறுதியான போர்க்கவசம்' வேறாம்! சங்கிலிக் கவசத்தில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். சட்டை ஏறக்குறைய 10 கிலோ வரும். வாள் வெட்டு உள்ளே இறங்காது. ஆனால் ஓங்கி அடித்தால் எலும்பு நொறுங்கும். அதனால்தான் அடியில் தடித்த பஞ்சுச் சட்டை. மரோட்டோ வரைந்தவை வளையங்களே அல்ல, வட்டத் தகடுகள். பார்க்க அழகு, அவ்வளவுதான்.

சோன்யா 'தொடக்கம் முதலே பெண்ணியக் குரல்' என்பது கட்டுரையின் இன்னொரு முத்து. வன்புணர்வுக்கு ஆளான சோன்யாவுக்கு ஒரு தேவி வாள்திறம் தருவதாக 1975-இல் முன்கதை எழுதினார்கள். தன்னைப் போரில் வெல்லாத எந்த ஆண்மகனையும் சோன்யா ஏற்கக் கூடாது என்பது நிபந்தனை. 2013-இல் பெண் எழுத்தாளர் கெய்ல் சிமோன் சோன்யா கதைகளை எழுத வந்த பிறகுதான் அந்த முன்கதை கைவிடப்பட்டது. சிமோன் பெயர் உங்கள் கட்டுரையில் எங்கே?

படத்துக்கு வருவோம். '1973' என்று அடிக்குறிப்பு. படமோ, எழுபதுகளின் பிற்பகுதியில் சோன்யாவை வரைந்த ஃபிராங்க் தோர்னுடையது. அதிலும் கணினியில் புதிதாக வண்ணம் தீட்டிய மறுபதிப்பு. அக்கால அச்சில் வண்ணம் புள்ளிப் புள்ளியாகத் தெரியும், இப்படி வழவழவென்று குழையாது. பக்க அமைப்புக்காக இடம் வலமாகத் திருப்பியும் போட்டிருக்கிறீர்கள். வாள் இடக்கைக்குப் போய்விட்டது, மூலையில் ஓவியரின் கையெழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோல் கிடக்கிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமா? காமிக்ஸ் என்றாலே 'சிறுவர் பகுதி', ஓவியர் என்றாலே 'நன்றி: இணையம்'. கவிதைக்குப் பக்கத்தில் கோட்டோவியம் வரைபவருக்கும் உங்கள் இதழில் இதே மரியாதைதான்.

பிழைதிருத்தம் வெளியிடுங்கள். படத்தின் கீழ் ஓவியர் பெயரைப் போடுங்கள், படத்தைத் திருப்பாதீர்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எந்த ராசிக்காரரும் கோபிக்க மாட்டார்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர் ஒருவர்,
ஈரோடு