கையால் முடிச்சுப் போட்டது என்று விற்ற சுங்குடிச் சேலை பற்றி

வணக்கம்.

போன மாதம் உங்கள் சென்னைக் கடையில் 4,850 ரூபாய் கொடுத்து ஒரு மதுரை சுங்குடிச் சேலை வாங்கினேன். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது என்றும், விலையில் ஒரு பங்கு அதைச் செய்த பெண்களுக்கே நேராகப் போகிறது என்றும் சீட்டில் எழுதியிருந்தது, அதை நம்பித்தான் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்தேன்.

அம்மா மதுரையில் மகால் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். சேலையை விரித்துத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார். நான் விடாமல் கேட்ட பிறகுதான் "இது அச்சுடா" என்றார்.

துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றி இறுக்கினால்தான் அந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்ததும் புள்ளி வெள்ளையாக நிற்கும், கிள்ளிய இடம் லேசாகப் புடைத்திருக்கும், விரலுக்குத் தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் போட வேண்டும், நாள் கணக்காகும். நீங்கள் கொடுத்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, தடவினால் வழவழவென்று இருக்கிறது, பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது.

படங்களோடு எழுதினேன். "கைவேலை என்பதால் சிறு வேறுபாடுகள் இயல்பு" என்று பதில் வந்தது. வேறுபாடே இல்லை என்பதுதானே என் புகார்! அப்புறம், திருப்பிக் கொடுப்பதற்கான ஏழு நாள் தாண்டிவிட்டதாம்.

அச்சுச் சுங்குடியைக் குறை சொல்லவில்லை. என்னுடைய மனைவியே வெயிலுக்கு அதைத்தான் கட்டுகிறாள், ஆனால் அதை அச்சு என்று சொல்லி அதற்கான விலைக்குத்தான் தருகிறார்கள். மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இருந்தும் முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கைவினைஞர்களுக்காகவே கடை நடத்துகிறோம் என்று சொல்லும் நீங்களே அவர்கள் பெயரில் அச்சுத் துணியை விற்றால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்?

எனக்குப் பணம் திரும்ப வேண்டும். இதே சீட்டு ஒட்டிய மற்ற சேலைகளையும் கடையிலிருந்து எடுங்கள், வாங்கியவர்களுக்கும் சொல்லுங்கள். என் பணத்தில் அந்தப் "பங்கு" யாருக்குப் போனது என்றும் எழுத்தில் தெரிய வேண்டும். பில்லை இணைத்திருக்கிறேன்.

உங்களிடம் உண்மையான முடிச்சுச் சுங்குடி இருந்தால் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் தடவிப் பார்த்துச் சரி என்றால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்