எலும்புக்கூட்டின் மீது அம்பெய்தால் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளை அறிமுகப்படுத்தித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், பகடையில் விழும் எண்ணை, எதிரி எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழிப்பதுதான் சண்டை என்ற பொருளில் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. எவ்வளவு சேதம் என்பதோடு எந்த வகைச் சேதம் என்பதையும் கேட்பதில்தான் இவ்விளையாட்டின் சுவையே இருக்கிறது.

இவ்வகையில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளில் 13 சேத வகைகள் உண்டு. வெட்டு, குத்து, மோதல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஆயுதங்களால் வருபவை; தீ, குளிர், மின்னல், இடி, அமிலம், நஞ்சு முதலானவை மந்திரத்தாலும் விலங்குகளாலும் வருபவை. ஓர் உயிரிக்கு ஒரு வகையில் எதிர்ப்பு இருந்தால் சேதம் பாதியாகும். பலவீனம் இருந்தால் இரட்டிப்பாகும். முழு விலக்கு இருந்தால் சேதமே இல்லை. இரண்டு வழிகளில் எதிர்ப்புக் கிடைத்தாலும் சேதம் கால்பங்காகிவிடாது, ஒருமுறைதான் பாதியாகும். எதிர்ப்பும் பலவீனமும் ஒருங்கே அமைந்தால் முதலில் பாதியாக்கிப் பின்னரே இரட்டிக்க வேண்டும். பின்னத்தை விட்டுவிடுவதால் 25 என்பது 12 ஆகி, பிறகு 24 ஆகும்.

கணக்கு இவ்வளவுதான். அதை மேசையில் எப்படிச் சொல்வது என்பதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். எதிரிகளை இயக்கி, நடப்பதை விவரிக்கும் பொறுப்பில் இருந்து நான் நடத்திய ஆட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எலும்புக்கூட்டின் மீது அம்பெய்தார். பகடையில் 4, பாத்திரத்தின் திறனுக்கான கூட்டல் 3, ஆக 7 புள்ளிகள். எலும்புக்கூட்டுக்கு 13 உயிர்ப்புள்ளிகள் என்பதால் 6 எஞ்சின. அடுத்த ஆட்டக்காரர் வேறோர் எலும்புக்கூட்டைக் கதாயுதத்தால் அடித்தார். அவருக்கும் அதே 7தான். ஆனால் எலும்புக்கூடு மோதல் சேதத்துக்குப் பலவீனமானது என்பதால் அது 14 ஆகி, ஒரே அடியில் அது சரிந்தது. நானோ இரண்டு முறையும் எண்ணை மனத்துக்குள் கழித்துவிட்டு, "நிற்கிறது", "விழுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். அம்பெய்தவர் தமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று எண்ணி, சண்டை முடியும்வரை அம்பையே எய்துகொண்டிருந்தார். அம்பு ஒரு விலா எலும்பைச் சீவிவிட்டு மறுபக்கம் போனதையும், கதாயுதம் பட்ட இடத்தில் எலும்பு பானை ஓடுபோல நொறுங்கி உதிர்ந்ததையும் நான் விவரித்திருந்தால், அவரும் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கல்லையாவது தேடியிருப்பார். ஆட்டக்காரர்கள் தாமாகக் கண்டுபிடிக்க வழியில்லாத பலவீனம், ஆட்டத்தை நடத்துபவரின் குறிப்பேட்டிலேயே கிடக்கும் ஒரு ரகசியம் மட்டுமே.

இரட்டிப்பு என்ற விதியிலும் எனக்கு மனநிறைவு இல்லை. 2014ஆம் ஆண்டு விதிகளில் மம்மிக்கு 58 உயிர்ப்புள்ளிகள். அது தீக்குப் பலவீனமானது. எட்டுப் பகடைகளை உருட்டும் தீப்பந்து மந்திரம் சராசரியாக 28 புள்ளிகள் தரும். மம்மி அதிலிருந்து தப்பாவிட்டால் அது 56 ஆகி, மம்மியின் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதே மம்மியைக் கையிலுள்ள தீவட்டியால் சுட்டால் 1 புள்ளி 2 ஆகிறது, அவ்வளவே. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்னும் விளையாட்டின், 2019இல் வெளியான இரண்டாம் பதிப்பில் பலவீனம் ஒரு நிலையான எண்ணாக வருகிறது: தீக்கான பலவீனம் 5 என்றால், 1 புள்ளித் தீயும் 6 ஆகும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பும் இதே வழியில்தான் சென்றது. மந்திரம் அறியாத ஆட்டக்காரரின் சிறு தீவட்டிக்கும் மதிப்புத் தருவதால் இதுவே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

பெருக்கலோ கூட்டலோ இல்லாமலும் பலவீனத்தை அமைக்கலாம் என்பதற்கு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் ட்ரோல் என்னும் அரக்க உயிரி சான்று. 2014ஆம் ஆண்டு விதிகளில், அது தான் ஆடும் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 உயிர்ப்புள்ளிகளை மீட்டுக்கொள்ளும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த முறை அந்த மீட்சி நடக்காது. வாளால் வெட்டிய தசை கண்ணெதிரே கூடிக்கொள்வதையும், தீ பட்ட இடம் மட்டும் கருகியபடியே நிற்பதையும் சொல்லிவிட்டால் போதும். விதிப்புத்தகத்தைத் திறக்காமலேயே மேசையிலுள்ள அனைவரும் தீயைத் தேடுவார்கள்.

அறிமுகக் கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், சேத வகைகளுக்கென ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதன்முறை மேசைக்கு வருபவர், வில்லோடு கூட ஒரு கதாயுதத்தையும் தம் பாத்திரத்தின் பொருள் பட்டியலில் எழுதிக்கொள்ள அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்