நிஜத் துப்பாக்கி போலவே இருக்கிறது என்பதே என் புகார்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
ஆயுதப்படை,
திண்டுக்கல்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழிப் பொம்மை விற்பனை நிறுவனம்.

பொருள்: அசல் கைத்துப்பாக்கியின் நகலை '7 வயது முதல்' என்று குறிப்பிட்டு விற்றது – விற்பனையை உடனே நிறுத்தவும், விற்றவற்றைத் திரும்பப் பெறவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் பேரனின் பிறந்தநாளுக்காக என் மகள் என்னுடைய கணக்கிலிருந்து உங்களிடம் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியிருந்தேன். 'திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. பொருளில் பழுது இல்லை. எனவே பணம் தர இயலாது' என்று பதில் வந்தது. நான் பணம் கேட்கவே இல்லை. என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்று புரிந்தது. அதனால்தான் இதை உங்கள் பெயருக்கு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருள். உங்கள் பக்கத்தில் இருந்த படத்தில் துப்பாக்கி நீல நிறம், முனை ஆரஞ்சு. பெட்டியில் வந்ததோ முழுக் கருப்பு. ஸ்லைடு, அதாவது அசலில் குண்டைச் சுடத் தயாராக்க இழுக்கும் மேல்பாகம், பின்னால் இழுபடுகிறது. குண்டு நிரப்பும் மேகசின் தனியாகக் கழன்று வருகிறது. பக்கவாட்டில் தொழிற்சாலை எண் போல எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். கைப்பிடிக்குள் இரும்புத் துண்டு வைத்துக் கனத்தையும் கூட்டியிருக்கிறார்கள். குழல் முனையில் ஆரஞ்சு வளையம் ஒன்று இருந்தது உண்மை. அது வெறும் மூடி. பெட்டியைப் பிரிக்கும்போதே கழன்று அட்டைக்குள் கிடந்தது. பணிக்காலம் முழுக்க 9 எம்.எம். பிஸ்டலைக் கையாண்டவன் நான். இதைக் கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குண்டு உட்காரும் சேம்பர் காலியா என்று பார்த்தேன். ஒரு பொம்மையை அப்படிச் சோதிக்க வேண்டும் என்று என் கைக்குத் தோன்றியது என்றால், பத்தடி தள்ளி நிற்கும் பொதுமக்களுக்கு என்ன தோன்றும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பேரனுக்குப் 12 வயது. அவனுடைய நண்பனுக்கு 14, வயதுக்கு மீறிய உயரம். எங்கள் தெருமுனையில் ஒரு ஏடிஎம் இருக்கிறது. இருட்டும் நேரம், தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. இருவரும் திருடன் போலீஸ் விளையாடியிருக்கிறார்கள். நண்பன் முகத்தில் கைக்குட்டை கட்டியிருக்கிறான். பணம் எடுத்துவிட்டு வெளியே வந்த ஒருவர் இதைப் பார்த்துப் பதறி ஓடி, 100க்குப் போன் செய்துவிட்டார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரோந்து வண்டி வந்தது. அப்போது துப்பாக்கி என் பேரன் கையில். வண்டியின் வெளிச்சம் விழுந்ததும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான். 'கீழே போடு' என்று சத்தம் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஸ்லைடை இழுத்திருக்கிறான். பிறகு கேட்டபோது, "போலீஸ் மாமாவும் விளையாட வந்தாங்கன்னு நெனச்சேன் தாத்தா" என்றான். இறங்கிய உதவி ஆய்வாளர் இளைஞர், நிதானமானவர். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஸ்லைடு இழுக்கிற சத்தம் கேட்டுச்சுங்கய்யா. கை தானா இடுப்புக்குப் போயிருச்சு." அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தச் சத்தத்தையும் அசல் மாதிரியே வர வைத்திருக்கிறீர்கள்.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 அன்று நடந்ததைத் தேடிப் படியுங்கள். டமிர் ரைஸ் என்ற கறுப்பினச் சிறுவன், என் பேரனின் அதே 12 வயது, பூங்காவில் பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அதன் ஆரஞ்சு முனை கழற்றப்பட்டிருந்தது. அவசர எண்ணுக்குப் போன் செய்தவர், அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியும் இருக்கிறார். அந்தச் செய்தி வண்டியில் போன காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற 2 வினாடிக்குள் அவர்களில் ஒருவர் சுட்டுவிட்டார். மறுநாள் பிள்ளை இறந்துபோனான். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவிலும் 13 வயதுச் சிறுவன் ஒருவன், ஏ.கே. 47 போலிருந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு நடந்து போனபோது காவலரின் குண்டுக்குப் பலியானான். அந்தக் காவலர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. அவை இந்தக் கடிதத்துக்கு வெளியே உள்ளவை. ஆனால் சீருடை போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். மங்கலான வெளிச்சத்தில், ஓரிரு வினாடியில், உங்கள் பொருளை அசலிலிருந்து பிரித்தறிய என்னால் முடியாது. பயிற்சி பெற்ற எவராலும் முடியாது.

நம் நாட்டுக்கும் இந்த ஏமாற்று புதிதல்ல. 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்தவை போலித் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும். 1978 டிசம்பர் 20 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி வாரணாசியில் இறக்கிய இருவர் கையிலும் பொம்மைத் துப்பாக்கிதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பயணிகளுக்கு அது பொம்மை என்று தெரியாது. இன்றைக்கு விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கியைக்கூட எடுத்துப்போக விடுவதில்லை. விமான நிலையம் உள்ளே விடாத ஒரு பொருளை நீங்கள் பரிசுத்தாளில் சுற்றிக் குழந்தை கையில் கொடுக்கிறீர்கள்.

துப்பாக்கிப் பொம்மையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக, தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே பொம்மை என்று தெரியும். தண்ணீர்த் துப்பாக்கியும் அப்படியே. விளையாட்டுக்கு அந்த நிறம் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1988இல் இயற்றிய சட்டப்படி பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு அடைப்பு கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது சட்டம் ஏற்கும் வேறு அடையாளம் இருக்க வேண்டும். அந்த அடையாளம் மட்டும் போதாது என்பதைக் கிளீவ்லாந்து காட்டிவிட்டது. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அசல் போன்ற போலித் துப்பாக்கிகளைத் தயாரிப்பதையும் விற்பதையுமே குற்றமாக்கியது. பளிச்சென்ற நிறத்திலோ உள்ளே தெரியும்படி கண்ணாடி போலவோ இருந்தால் விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு உத்தரவு, அசல் துப்பாக்கியின் நகல்களைப் பொம்மை என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும். உங்கள் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முத்திரை இல்லை, உரிம எண் இல்லை. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரம், இவையும் இல்லை. இப்படிப்பட்ட பெட்டி உங்கள் கிடங்கைத் தாண்டி என் வீட்டு வாசல் வரை எப்படி வந்தது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்றவர் வேறு' என்ற பதில் வந்தால், அந்த விற்பனையாளரின் முழு முகவரியையும் அதே கடிதத்தில் சேர்த்து அனுப்புங்கள்.

குண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக் உருண்டை. ஏடிஎம் சம்பவத்துக்கு இரண்டொரு நாள் முன்பு பக்கத்து வீட்டுச் சிறுமியின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரல் கீழே பட்டு, சிவந்து தடித்துவிட்டது. கண் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். நல்லவேளை, கண்ணுக்குள் ஒன்றும் இல்லை. நேராகக் கண்ணில் பட்டிருந்தால் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கட்டிக்கொள்ளலாம், விழித்திரை கிழியலாம், காயம் ஆறிய பிறகும் பல ஆண்டு கழித்துக் கண்ணழுத்த நோய் வரலாம் என்று அவர் விளக்கினார். அந்தப் பெண்ணின் தாய் எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அது இன்னும் வேதனையாக இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. எப்படிக் குண்டு நிரப்புவது என்று படம் போட்டிருந்தார்கள். எச்சரிக்கை என்று ஒரு வரியும் இல்லை. எங்கள் படையில் புதிதாக வந்த காவலருக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லித் தருவது இதுதான்: எந்த ஆயுதத்தையும் குண்டு நிரம்பியதாகவே நினை, சுட வேண்டாத எதன் பக்கமும் முனையைத் திருப்பாதே, குறி வைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குண்டு போடும் பொம்மைக்கும் இது அப்படியே பொருந்தும். அதோடு, முகத்தையும் கண்ணையும் நோக்கிச் சுடக் கூடாது, விளையாடுகிற எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது, பள்ளிப் பையிலோ பேருந்திலோ வைத்திருக்கக் கூடாது, ஆரஞ்சு முனையைக் கழற்றவோ அதன்மேல் வர்ணம் பூசவோ கூடாது. காவலர் யாராவது கூப்பிட்டால் திரும்பிக் காட்டாமல், அப்படியே தரையில் போட்டுவிட்டு வெறுங்கையைக் காட்ட வேண்டும் என்பதைக் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டும். இவ்வளவும் தமிழில் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அச்சிட ஆகும் செலவு உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் உங்கள் விற்பனைப் பக்கம் இதற்கு நேர்மாறாக, 'நண்பர்களைத் திகைக்க வையுங்கள்' என்று குழந்தையைத் தூண்டுகிறது. அந்த வரியை எழுதியவர் யாராக இருந்தாலும், இந்தக் கடிதத்தை அவருக்குப் படிக்கக் கொடுங்கள்.

நான் கேட்பது இவை. அசலைப் போன்ற துப்பாக்கிகள் அனைத்தையும் குழந்தைகள் பிரிவிலிருந்து இன்றே நீக்குங்கள். இந்த மாதிரியை வாங்கிய ஒவ்வொருவருக்கும் நீங்களாகவே செய்தி அனுப்பி, கெடு பார்க்காமல் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறது. தள்ளுபடி அறிவிக்க அந்த எண்களுக்குத் தினமும் செய்தி அனுப்புகிறீர்கள், இதற்கும் அனுப்பலாம். இனி விற்கும் துப்பாக்கிப் பொம்மை எதுவானாலும் உடல் முழுவதும் பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். முனையில் மட்டும் வண்ணம் என்ற ஏற்பாடு எனக்கு ஏற்புடையதல்ல. சிறுமியின் கண் பரிசோதனைச் செலவை அவள் குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுங்கள். எனக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவும் நீங்கள் கடமைப்பட்டவர்கள். தவறினால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். முத்திரை இல்லாமல் விற்றது குறித்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் இதே கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன்.

துப்பாக்கி என் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. அதை எடுத்துப்போகக் கூரியர் ஆளை அனுப்ப வேண்டாம். திருப்பித் தந்தால் மறுபடியும் பெட்டியில் போட்டு வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. ஆணையம் கேட்டால் அங்கே ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
திண்டுக்கல்.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், விற்பனைப் பக்கத்தின் படமும் வந்த பொருளின் படமும், பெட்டியின் எல்லாப் பக்கங்களின் புகைப்படங்கள், கண் மருத்துவரின் சீட்டு (சிறுமியின் பெற்றோர் ஒப்புதலுடன்).