கைப்பேசியும் ஆயுதமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த போர்க்கால மக்கள் எதிர்ப்புக் கட்டுரையில், 'சாமானியன் கையில் கைப்பேசியும் ஆயுதமே' என்று ஒரு வரி. கைதட்டலுக்கு எழுதிய வரி. அதை நம்பி இறங்குகிறவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். தங்களுக்குத் தெரியாததா?

போரில் குடிமக்களைத் தாக்கக் கூடாது. ஆனால் சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எது நேரடிப் பங்கு? செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவின் 2009 விளக்கம் மூன்று அளவுகோல் வைக்கிறது: எதிர்த்தரப்புக்குச் சேதம் விளையக்கூடிய செயலாக இருக்க வேண்டும், அந்தச் செயலிலிருந்தே சேதம் நேராக வர வேண்டும், ஒரு தரப்புக்குச் சாதகமாக மறுதரப்பைப் பாதிக்கவே செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர வேண்டும். பீரங்கி நிற்குமிடத்தைப் படமெடுத்து, சுடுவதற்காகப் படைக்கு அனுப்பினால் மூன்றும் சேர்ந்துவிடலாம். வேலைநிறுத்தம், ஒத்துழையாமை, சிப்பாய்க்குச் சமைத்துப் போடுவது எல்லாம் இதில் வராது. முகாமுக்குள் நின்று சமைத்தால், முகாமில் விழும் குண்டு சமையல்காரரை ஒதுக்கிவிட்டு விழாது என்பது வேறு விஷயம்.

2022இல் கீவ் மக்கள் பெட்ரோல் குண்டு செய்த படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள். படையெடுப்பு நெருங்கும்போது, அணிதிரள அவகாசமின்றி ஆயுதம் எடுக்கும் ஊராருக்கு, பிடிபட்டால், போர்க் கைதி உரிமை உண்டு. ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தி, போர் விதிகளை மதித்திருந்தால். ஊர் எதிரியின் பிடிக்குள் போன பிறகு இது செல்லாது. படத்துக்குக் கீழே இதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஆயுதமே தொடாவிட்டாலும் விலை உண்டு. 1944 செப்டம்பரில் நெதர்லாந்து ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மானியர் பதிலுக்கு உணவுப் போக்குவரத்தை முடக்கினார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 20,000 பேர். சிலர் செயலுக்கு ஊரையே தண்டிக்கும் கூட்டுத் தண்டனையை வெளிப்படையாகத் தடுக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 1949இல்தான் வந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? 2021 பிப்ரவரியில் பர்மாவின் யாங்கோனில், ஆட்சியைப் பிடித்த ராணுவத்தை எதிர்த்து இரவு எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டியவர்களை, முகமும் கடைப் பலகையும் தெரியப் போட்டீர்கள். அதே மாதம் ராணுவம், அச்சமோ பொய்ச் செய்தியோ பரப்புவது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் 505ஏ பிரிவைச் சேர்த்தது. மூன்று ஆண்டு வரை சிறை. வியாசர்பாடியில் பர்மாவில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் இன்னும் உண்டு. தங்களுக்கு பர்மாக்காரர் என்றால் அத்தோ கடை மட்டும்தான் போலும். செப்டம்பர் பிறந்தால் எம்டன் குண்டு, பண்டிகை வந்தால் அத்தோ. வடசென்னை அத்தோடு முடிந்தது.

2025 மே 7 சென்னைத் துறைமுகத்தில் நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகையையும் திருவிழாபோல் படமாகவே போட்டீர்கள். சங்கு ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது என்ற இரண்டு வரிக்குக்கூட இடமில்லை.

கேட்பது பெரிதல்ல. மேற்படி மூன்று அளவுகோலையும் அடுத்த இணைப்பில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். எதிர்ப்பாளர் படம் வந்தால் முகத்தை மட்டும் மங்கலாக்கி நிறுத்திவிடாதீர்கள். பச்சை குத்தல், கடைப் பலகை, மாடி ஜன்னல் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இணையப் பதிப்பில் ஏற்றும்முன் படக் கோப்பிலுள்ள இடக்குறிப்பையும் நீக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வியாசர்பாடி, சென்னை-39
(பெயரும் முகவரியும் தனித்தாளில், அச்சிட வேண்டாம்)